கல்லூரியில் இடம் மறுக்கப்பட்டால்: குமரி மாவட்ட மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான கேள்வி பதில்

பிளஸ் டூ முடிவு வந்ததும் குமரி மாவட்டத்தில் ஒவ்வொரு ஆண்டும் கேட்கிற கேள்விகள் இவை. கேட்பது பெரும்பாலும் அம்மாக்கள், சில நேரம் பிள்ளைகளே. சட்டத்தில் என்ன இருக்கிறது, நடைமுறையில் எது வேலை செய்கிறது என்று இரண்டையும் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன்.

"உங்களுக்கு இங்கே சீட் இல்லை" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மேல்முறையீடு செய்யலாமா?

செய்யலாம். ஆனால் வாயால் சொன்னதை எதிர்த்து எங்கும் போக முடியாது. நாளைக்கு அவர்களே "அந்த மாணவி வரவே இல்லை" என்றோ, "விண்ணப்பமே தரவில்லை" என்றோ சொன்னால் உங்கள் கையில் மறுப்பதற்கு எதுவும் இருக்காது. ஆகவே முதல் வேலை, மறுப்பைத் தாளுக்குக் கொண்டுவருவது.

எழுதித் தரச் சொன்னால் பெரும்பாலும் தர மாட்டார்கள். பரவாயில்லை, நீங்கள் எழுதுங்கள். "இன்ன தேதியில் இன்ன படிப்புக்கு விண்ணப்பித்தேன், விண்ணப்ப எண் இது. இன்று நேரில் வந்தபோது இடம் இல்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டுகிறேன்." அரைப் பக்கம் போதும். இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கல்லூரி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் ரப்பர் ஸ்டாம்ப், தேதி, வாங்கியவரின் சுருக்கக் கையெழுத்து மூன்றையும் வாங்குங்கள். ஸ்டாம்பு மட்டும் போட்டுத் தேதி போடாமல் தருவது வழக்கமாக நடக்கும், கவனம். வாங்கவே மறுத்தால் சண்டை வேண்டாம். அன்றைக்கே தபால் நிலையம் போய் முதல்வர் பெயருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். ரசீதைப் போட்டோ எடுத்து வையுங்கள், அந்த மை சீக்கிரம் மங்கிவிடும். கல்லூரியின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கும் அதே கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.

இந்த ஒரு தாள் போனதும் பாதி இடங்களில் பேச்சே மாறிவிடும்.

எந்த மறுப்பும் அநியாயம்தானா?

இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டிலேயே உங்களைவிட மதிப்பெண் கூடியவர்கள் வந்து அந்த இடங்கள் நிரம்பியிருந்தால், அது உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம், முறைகேடு ஆகாது. கேட்ட பாடத்தைப் பிளஸ் டூவில் படிக்காமல் இருந்தாலும் அப்படித்தான்.

முறையிட வலுவான காரணங்கள் நான்கு வகையில் வரும். ஒதுக்கீட்டையே கடைப்பிடிக்காமல் விட்டது ஒன்று. சான்றிதழைச் சொத்தைக் காரணம் சொல்லித் தள்ளியது இன்னொன்று. குறைந்தபட்ச மதிப்பெண்ணில் தர வேண்டிய தளர்வைத் தராதது மூன்றாவது. நான்காவது, அதிகம் நடப்பதும் அதிகம் காயப்படுத்துவதும்: "உன்னால் இதைப் படிக்க முடியாது."

மதிப்பெண் தளர்வு பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. 2020 ஜூலையில் ஆர்யன் ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது. சண்டிகர் அரசு கலைக் கல்லூரியில் ஓவியம் படிக்க விரும்பிய, அறிவுசார் குறைபாடுள்ள மாணவரின் வழக்கு அது. பட்டியலினத்தாருக்குக் கொடுக்கும் மதிப்பெண் தளர்வு மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. உங்கள் மறுப்பு ஓரிரண்டு சதவீத மதிப்பெண்ணில் நிற்கிறது என்றால் இந்தத் தீர்ப்பை மனுவில் பெயர் சொல்லி எழுதுங்கள்.

5 சதவீத ஒதுக்கீடு எல்லாக் கல்லூரிக்கும் உண்டா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 32-ஆம் பிரிவு சொல்வது இது: அரசு உயர்கல்வி நிறுவனங்களும், அரசிடம் உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களும், 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும். வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வும் உண்டு. 60 பேர் வகுப்பு என்றால் 3 இடம்.

நம் மாவட்டத்தில் இது பெரிய விஷயம். காரணம், இங்கே பழைய கல்லூரிகளில் பல அரசு உதவி பெறுபவை. நாகர்கோவிலில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தெ.தி. இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ், மார்த்தாண்டத்தில் நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரி என்று பட்டியல் போகும். கோணத்தில் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. "நாங்கள் சிறுபான்மை நிறுவனம், எங்களுக்கு இது பொருந்தாது" என்று எங்கேயாவது சொன்னால், அதற்கான அரசாணை எண்ணைக் கேளுங்கள். 32-ஆம் பிரிவில் அப்படி ஒரு விதிவிலக்கு எழுதப்படவில்லை.

உதவி பெறும் கல்லூரியின் சுயநிதிப் பிரிவில்தான் சிக்கல் வரும். "அது எய்டட் இல்லை, எஸ்.எஃப்." என்பார்கள். சட்டம் கடமையை நிறுவனத்தின் மேல் வைக்கிறதே தவிர, காலைப் பிரிவு மாலைப் பிரிவு என்று பிரித்துப் பேசவில்லை. இந்த வாதத்தை மனுவில் தாராளமாக வைக்கலாம்.

முழுக்க முழுக்கத் தனியார் கல்லூரி என்றால் 5 சதவீதம் கேட்க முடியாது. ஆனாலும் குறைபாட்டைக் காரணம் காட்டி விரட்டுவதற்கு அவர்களுக்கும் உரிமை இல்லை. அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனமும் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்கிறது 16-ஆம் பிரிவு. 3-ஆம் பிரிவு பாகுபாட்டையே தடுக்கிறது.

என் மகளுக்குச் சான்றிதழில் 35 சதவீதம்தான் போட்டிருக்கிறது. ஒன்றும் கிடைக்காதா?

ஒதுக்கீடு கிடைக்காது. மற்றவை கிடைக்கும். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில், எழுதும்போது கைத் தசை இறுகிக்கொள்வதால் எழுத முடியாத ஒருவருக்கு 40 சதவீதம் இல்லை என்று சொல்லி, சொல்வதை எழுதுபவரை மறுத்தது தவறு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேவையான நியாயமான வசதியைக் கேட்க 40 என்ற கோடு கிடையாது என்பதுதான் அதன் சாரம். கீழ்த்தள வகுப்பறை, பரீட்சையில் கூடுதல் நேரம் போன்றவற்றை உங்கள் மகள் கேட்கலாம்.

சதவீதமே குறைத்துப் போடப்பட்டிருக்கிறது என்று நினைத்தால், சான்று வழங்கிய அதிகாரியின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 59-ஆம் பிரிவு இடம் தருகிறது. இதை அட்மிஷன் காலத்தில் தொடங்கினால் முடியாது. பிளஸ் ஒன் படிக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

சான்றிதழ் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். என்ன சரியில்லை என்று சொல்லவில்லை.

மூன்று இடத்தைச் சரிபாருங்கள்.

முதலாவது பெயர். குமரி மாவட்டத்தில் இது ஒரு தனி வியாதி. அப்பா பெயர் இன்ஷியலா, ஊர் பெயர் இன்ஷியலா, வீட்டுப் பெயரும் சேர்ந்ததா என்பது ஆதாரில் ஒரு மாதிரி, மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரி, யு.டி.ஐ.டி. அட்டையில் (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) இன்னொரு மாதிரி இருக்கும். விளவங்கோடு, கிள்ளியூர் பக்கம் கேரளத்தில் பிறந்து பிறப்புச் சான்று வாங்கிய பிள்ளைகளுக்குக் கேட்கவே வேண்டாம். ஆன்லைன் விண்ணப்பத்தில் ஒரு எழுத்து மாறினாலும் சரிபார்ப்பில் நிற்கும். இப்படி நின்றால் அது திருத்தக்கூடிய குறை, தள்ளுபடிக்கான காரணம் அல்ல என்று எழுதி, பெயர் ஒன்றே என்ற உறுதிமொழியை இணைத்துக் கொடுங்கள்.

இரண்டாவது காலாவதி. சில சான்றுகள் தற்காலிகமானவை, 3 ஆண்டு அல்லது 5 ஆண்டு என்று போட்டிருக்கும். பத்தாம் வகுப்பில் வாங்கியது பிளஸ் டூவில் காலாவதியாகியிருக்கலாம். புதுப்பிக்க விண்ணப்பித்த ரசீதையாவது கையில் வையுங்கள்.

மூன்றாவது படிவம். கலந்தாய்வுக்கென்று தனிப் படிவத்தில் மருத்துவச் சான்று கேட்டிருந்தால், யு.டி.ஐ.டி. அட்டையின் நகல் மட்டும் போதாது என்பார்கள். அந்த ஆண்டின் தகவல் கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும். படிவங்கள் கடைசியில்தான் இருக்கும். சந்தேகம் வந்தால் நாகர்கோவில் கலெக்டர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

"லேப் இருக்கிறது, உன்னால் முடியாது" என்றார்கள். இதற்கு என்ன பதில்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் இதைச் சொல்கிறார்கள். "மக்களே, மூணாவது மாடி, உனக்குத்தான் கஷ்டம்" என்று தோளில் கை வைத்துச் சொல்வார்கள். கேட்கிற பெற்றோரும் தலையாட்டிவிட்டு வருவார்கள். கனிவாகச் சொன்னாலும் அது மறுப்புதான். மாடி ஏற முடியாது என்பது கட்டடத்தின் குறை. வகுப்பைக் கீழே மாற்றுவதும் சாய்தளம் போடுவதும் கல்லூரியின் வேலை.

படிப்பே முடியாது என்பவர்களுக்கு அண்மைத் தீர்ப்புகள் நல்ல பதில் தருகின்றன. இந்தியாவிலேயே மிகக் கறாரான சேர்க்கை எம்.பி.பி.எஸ். சேர்க்கைதான். அங்கேயே 2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், சான்றிதழில் 40 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்பதற்காக மட்டுமே ஒருவரைத் தகுதியற்றவர் என்று தள்ளக் கூடாது என்றது. அவர் பேச்சுக் குறைபாடுள்ள மாணவர். அந்தக் குறைபாடு அந்தப் படிப்புக்கு உண்மையில் தடையா என்று மதிப்பீட்டுக் குழு பார்க்க வேண்டும், தடை என்றால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றது தீர்ப்பு. அதே மாதத்தில் வந்த ஓம் ராத்தோட் தீர்ப்பும், 2025 பிப்ரவரியில் வந்த அன்மோல் தீர்ப்பும் அதே வழியில் போயின. "இரண்டு கைகளும் முழுமையாக இருக்க வேண்டும்" என்ற மருத்துவக் கல்வி விதிமுறையை அன்மோல் வழக்கில் நீதிமன்றம் ஏற்கவில்லை.

மருத்துவப் படிப்புக்கே அளவுகோல் இதுவென்றால், பி.எஸ்சி. வேதியியலுக்கோ பி.சி.ஏ.வுக்கோ ஒரு துறைத் தலைவர் பார்வையாலேயே எடை போட்டு "முடியாது" என்பது எப்படி நிற்கும்? மனுவில் இப்படிக் கேளுங்கள்: என்னை மதிப்பிட்டது யார், எந்தத் தேதியில், எந்தச் செயலை என்னால் செய்ய முடியாது என்று முடிவு செய்தார்கள், அதற்கு எந்த வசதியை யோசித்துப் பார்த்தார்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. அதுதான் உங்கள் வழக்கு.

கூடவே, உங்களால் எப்படி முடியும் என்பதையும் எழுதுங்கள். பார்வையற்ற மாணவர் திரைவாசிப்பானைக் கொண்டு கணினியில் வேலை செய்வதை ஒரு நிமிட வீடியோவாக எடுத்துச் சேர்த்தால், பத்துப் பக்க மனுவைவிட அது பேசும்.

முதலில் யாரிடம் போக வேண்டும்?

முதல்வரிடம். அங்கே தராமல் மேலே போனால் "அவர்களிடம் கேட்டீர்களா?" என்று திருப்பி அனுப்புவார்கள்.

அடுத்து, கல்லூரியின் மாணவர் குறைதீர் குழு. பல்கலைக்கழக மானியக் குழு 2023-இல் கொண்டுவந்த மாணவர் குறைதீர் விதிமுறைகளின்படி இந்தக் குழு இருக்க வேண்டும். சேர்ந்த மாணவர்தான் புகார் தரலாம் என்று இல்லை. சேர்க்கை கோருபவரும் தரலாம். இடஒதுக்கீட்டைக் கடைப்பிடிக்காதது, அறிவித்த விதிக்கு மாறாக இடம் மறுப்பது, அசல் சான்றிதழ்களைத் தர மறுப்பது எல்லாம் அதன் வரம்புக்குள் வரும். குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம், அவர் 30 நாட்களுக்குள் தீர்க்க முயல வேண்டும். நம் மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை, ஆகவே திருநெல்வேலி அபிஷேகப்பட்டி. பொறியியல் என்றால் அண்ணா பல்கலைக்கழகம்.

இதற்கு இணையாக, சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் புகார் அனுப்பலாம். ஆளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அவர் தருவது பரிந்துரைதான், ஆனால் அதன் மேல் என்ன செய்தோம் என்று 3 மாதத்துக்குள் அந்த நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும். மத்திய அரசு நிறுவனம் என்றால் டெல்லியில் உள்ள தலைமை ஆணையர்.

இந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் ஒன்று புரியும்: படிப்படியாகப் போனால் அட்மிஷன் முடிந்துவிடும். எல்லாக் கதவையும் ஒரே வாரத்தில் தட்டுங்கள்.

மனுவில் என்ன எழுதுவது? வக்கீல் வேண்டுமா?

இந்தக் கட்டத்தில் வேண்டாம். ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் எழுதுங்கள். முதல் பத்தியில் நீங்கள் யார், விண்ணப்ப எண், படிப்பு, பிளஸ் டூ மதிப்பெண், யு.டி.ஐ.டி. எண், குறைபாட்டின் வகை, சதவீதம். இரண்டாம் பத்தியில் என்ன நடந்தது, தேதி வாரியாக. மூன்றாம் பத்தியில் எந்தப் பிரிவு மீறப்பட்டது. கடைசிப் பத்திதான் முக்கியம், பலரும் கோட்டை விடுவது அங்கேதான். "ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்" என்று முடித்தால் யாருக்கும் எதுவும் செய்யத் தோன்றாது. தனித்தனியாகக் கேளுங்கள்:

"1. மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் மேற்படி படிப்பில் எனக்கு இடம் வழங்க வேண்டும். 2. இந்த மனு மீது முடிவு எடுக்கும் வரை அந்த ஒதுக்கீட்டில் ஓர் இடத்தை நிரப்பாமல் வைக்க வேண்டும். 3. மறுப்பதாக இருந்தால் காரணங்களை 7 நாட்களுக்குள் எழுத்தில் தர வேண்டும். 4. இந்த ஒதுக்கீட்டில் மொத்த இடம், நிரம்பிய இடம், கடைசியாகச் சேர்ந்தவரின் மதிப்பெண் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும்."

இரண்டாவது கோரிக்கையை விட்டுவிடவே கூடாது. குடும்பக் கஷ்டத்தை எழுதலாமா என்று கேட்பார்கள். ஒரு வரி எழுதலாம். மனு முழுவதும் அதுவாகவே இருந்தால், உரிமையைக் கேட்கிற காகிதம் உதவி கேட்கிற காகிதமாக ஆகிவிடும்.

திங்கட்கிழமை கலெக்டரிடம் மனு கொடுத்தால் போதாதா?

கொடுங்கள், கெடுதல் இல்லை. மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவுக்கு எண் கிடைக்கும், அது மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து கல்லூரிக்கு ஒரு கடிதமோ ஒரு போனோ போகும். சில நேரம் அந்த ஒரு போனிலேயே காரியம் முடியும். ஆனால் கல்லூரிச் சேர்க்கைக்கான மேல்முறையீட்டு அதிகாரி கலெக்டர் இல்லை. அதை மட்டும் கொடுத்துவிட்டு வீட்டில் காத்திருக்காதீர்கள்.

கலந்தாய்வில் சிறப்புப் பிரிவைத் தேர்ந்தெடுக்க மறந்துவிட்டோம்.

பொறியியல் கலந்தாய்விலும் அரசு கலை அறிவியல் கல்லூரிக் கலந்தாய்விலும் மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புக் கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்னாலேயே நடந்துவிடும். தரவரிசைப் பட்டியல் வந்ததும் குறைகளைச் சொல்லச் சில நாள் அவகாசம் தருவார்கள். அந்த நாட்களுக்குள் சொன்னால் சரிசெய்ய வாய்ப்பு அதிகம், தாண்டினால் மிகக் குறைவு. பட்டியலில் உங்கள் பெயர் சிறப்புப் பிரிவில் வந்திருக்கிறதா என்று வெளியான அன்றே பாருங்கள்.

திருவனந்தபுரத்தில் விண்ணப்பித்திருக்கிறோம். அங்கே மறுத்தால் இங்கே முறையிடலாமா?

முடியாது. களியக்காவிளை தாண்டினால் கேரள மாநில ஆணையர், கேரள உயர் நீதிமன்றம். யு.டி.ஐ.டி. அட்டை இந்தியா முழுவதும் செல்லும், அதை ஏற்க மாட்டோம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த மாநில ஒதுக்கீட்டுக்கு அந்த மாநிலத்தவராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தால் அது வேறு கதை. விண்ணப்பிக்கும் முன்பே தகவல் கையேட்டில் பாருங்கள்.

நேரம் போய்க்கொண்டிருக்கிறது. உயர் நீதிமன்றம் போவது நமக்கெல்லாம் கட்டுப்படியாகுமா?

நினைக்கிற அளவுக்குச் செலவு இல்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவின்படி மாற்றுத்திறனாளிக்கு இலவச சட்ட உதவி உண்டு. வருமானச் சான்று கேட்டு அலைய விட வேண்டியதில்லை. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

குமரி மாவட்டத்துக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைதான். ரிட் மனு போடும்போது "ஓர் இடத்தை நிரப்பாமல் வையுங்கள்" என்று இடைக்கால உத்தரவு கேட்பார்கள். நீதிபதி முதலில் பார்ப்பது, நீங்கள் தாமதிக்காமல் வந்தீர்களா, கல்லூரிக்கு எழுதினீர்களா என்பதைத்தான். ஸ்டாம்பும் தேதியும் உள்ள அந்த நகல் அங்கே பேசும். வகுப்பு தொடங்கி இரண்டு மாதம் கழித்துப் போனால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் இடம் கிடைப்பது கடினம்.

ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடலாமா என்றும் கேட்பார்கள். 10 ரூபாயில் நல்ல விவரம் கிடைக்கும், ஆனால் பதிலுக்கு 30 நாள். இந்த ஆண்டு இடத்துக்கு அது உதவாது, வழக்குக்கு உதவும்.

முறையிட்டுச் சேர்ந்தால் மூன்று வருடம் பழிவாங்க மாட்டார்களா?

இந்தப் பயத்தால்தான் பாதிப் பேர் பின்வாங்குகிறார்கள். பயம் வீண் என்று சொல்ல மாட்டேன், இன்டர்னல் மதிப்பெண் அவர்கள் கையில் இருக்கிறது. ஆனால் எழுத்தில் பதிவான மாணவரிடம் கை வைக்க நிர்வாகம் யோசிக்கும். மனுவில் எந்த ஆசிரியரையும் பெயர் சொல்லித் திட்டாதீர்கள், "அலுவலகத்தில் சொன்னார்கள்" என்றால் போதும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம் என்று 89-ஆம் பிரிவு சொல்கிறது. அதை முதல் கடிதத்திலேயே எழுதி மிரட்ட வேண்டாம். இரண்டாவது கடிதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இது முடியும்வரை பிள்ளையைச் சும்மா வைத்திருப்பதா? வேறு கல்லூரியில் சேர்த்தால் மேல்முறையீடு போய்விடுமா?

சேர்த்துவிடுங்கள். வேறு இடத்தில் சேர்ந்ததால் முறையிடும் உரிமை போகாது. ஒரு வருடம் வீணாவதுதான் திரும்பக் கிடைக்காதது. சேரும்போது அங்கே இரண்டு விஷயம் கவனியுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிப்பு. அதே அறிவிப்பில் சேர்க்கையை ரத்து செய்தால் எந்தத் தேதிக்குள் எவ்வளவு கட்டணம் திரும்பும் என்ற அட்டவணையும் உண்டு. டி.சி.யை மட்டும் வாங்கி வைப்பார்கள். பணம் கட்டும் முன்பே அதை இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள், மதுரையில் வழக்கு என்றால் அது கேட்கப்படும்.